ரோஸ்மேரி ரெகுலர்

பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய்க்குக் கீழே இறங்கிய வாரத்தில், குன்னூர் மார்க்கெட் வாசலில் கட்டிய இருபதடிக்குப் பத்தடி பேனரில் எழுத்துகள் அரை அங்குலத்துக்கு மேல் வளர மறுத்துவிட்டன. கம்ப்யூட்டர் திரையில் அவை பெரிதாகத்தான் இருந்தன. மெஷினிலிருந்து ஃப்ளெக்ஸ் உருண்டு வந்தபோதும் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் இருந்ததாக அதை அடித்துக் கொடுத்த கொர்னேலியஸ் சத்தியம் செய்தார். கம்பத்தில் ஏற்றிக் கயிற்றை இறுக்கியதும், வெள்ளைப் பரப்பின் நடுவே எறும்பு வரிசை போல ஒரே ஒரு வரி மிஞ்சியது. பக்கத்தில் கவுன்சிலர் வேலாமணியின் படம் மட்டும் பத்தடி உயரத்தில் கைகூப்பி நின்றது. வரியைப் படிக்க ஏணி தேவைப்பட்டது. ஏணியில் ஏறிப் படித்து இறங்கிய மூன்று பேரும் அன்று முழுக்கத் தணிந்த குரலில் பேசினார்கள். வேலாமணி கடைக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்கண்ணா, ஊருக்கே கேக்கற மாதிரி போடச் சொன்னா, காதுல குசுகுசுங்கற மாதிரி போட்டிருக்கீங்க?”

“மெல்லிசா, நளினமா இருக்கட்டும்னுங்க…”

“நளினத்துக்கு எவனுங்க ஓட்டுப் போடறான்?”

கொர்னேலியஸ் மெஷினைப் போட்டார். வேறு எழுத்தில் மறுபடி அடித்துக் கொடுத்தார். பழைய பேனரை வேலாமணியே மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார். அந்த மாடு அதன்பிறகு கத்துவதில்லை.

கொர்னேலியஸ் முப்பத்தொரு வருடமாக அங்கே கடை வைத்திருப்பவர். ஊர் அவரை ஃப்ளெக்ஸ்காரர் என்றது. அவர் தன்னுடைய விசிட்டிங் கார்டில் ‘எழுத்துருக் கலைஞர்’ என்று போட்டுக்கொண்டார். அதை வாங்கியவர்கள் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதினார்கள் என்பது அவருக்கும் தெரியும். தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கம் இருந்தது. அந்த மயக்கம் சிரிப்புக்குரியது என்ற தெளிவும் இருந்தது. ஒரே காம்பவுண்டில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்களைப் போல இரண்டும் அவருக்குள் இருந்துவந்தன. நாலாயிரத்துக்கு மேல் கல்யாணப் பத்திரிகை அடித்திருக்கிறார். ஒன்றில்கூடத் தேதி தவறியதில்லை. அவர் அடிக்காமல் விட்டது ஒரே ஒரு பத்திரிகை. அது சொந்த மகள் ரேச்சலுடையது.

ரேச்சல் கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் கிருத்திக்கைப் பார்த்துப் பிடித்து, இரண்டு வீட்டிலும் சொல்லி, போன வருடம் செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு மதம் என்பதால்தான் கொர்னேலியஸ் கல்யாணத்துக்குப் போகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. உண்மைக் காரணத்தைவிட அது கொஞ்சம் கௌரவமாக இருந்தது. உண்மையில், அவர் ஒன்பது மாதிரி டிசைன் செய்து பென்டிரைவில் வைத்துக் காத்திருந்தபோது மகள் போனில், “கார்டெல்லாம் எதுக்குப்பா, குப்பைக்குத்தான் போகும். வாட்ஸ்அப் போதும்” என்றாள். “அப்ப என்னையும் அதுலயே கூப்பிட்டுக்கோ” என்று இவர் போனை வைத்துவிட்டார். அவள் வாட்ஸ்அப்பிலேயே கூப்பிட்டாள். ரோஜாப்பூ விழுந்துகொண்டே இருக்கும் ஒரு வீடியோ. பின்னணியில் புல்லாங்குழல். எழுத்து நடுவில் வைக்கப்படாமல் இடதுபக்கம் ஒதுங்கியிருந்தது. அதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்கு மனைவி ரோஸ்மேரி பட்டுச்சேலையில் வாசலில் நின்று, “ஏனுங்க, கடைசியாக் கேக்கறேன். வர்றீங்களா, இல்லீங்களா?” என்றாள். “கடையில வேலை இருக்குது” என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையையும் விட்டுவிட்டுக் கடையைத் திறந்தார். ஒன்பது மணிக்கு பிளம்பர் தரணிதரன் வந்து, “ஞாயித்துக்கெழமகூட தொறந்திருக்கீங்களே” என்று வியந்து, இருநூறு விசிட்டிங் கார்டுக்கு ஆர்டர் கொடுத்தான். மகளின் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் கொர்னேலியஸ் ஒரு தண்ணீர்க் குழாய்ப் படத்தை வலமா இடமா வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். குன்னூரில் கார்டு கையில் கொடுத்துக் கூப்பிடாவிட்டால் கூப்பிட்டதாக ஆகாது. ஆகவே சொந்தக்காரர்கள் ஒருவரும் மலையிறங்கவில்லை. மண்டபத்தில் பெண் வீட்டார் பக்கம் நூற்றிருபது நாற்காலிகளுக்கு நடுவே ரோஸ்மேரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மீந்த சாம்பாரை ஒரு தூக்குப்போசியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதன்பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, எழுதினாள். பிரிட்ஜின் மேல் காந்தம் வைத்துச் சீட்டு ஒட்டினாள். ‘பால் தீர்ந்தது.’ ‘கரண்ட் பில் கட்டவும்.’ ரோஸ்மேரி இருபத்தாறு வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். பிள்ளைகளின் மார்க் கார்டில் ஆசிரியர் குறிப்பு எழுதும் கட்டம் அரை அங்குல உயரம்தான் இருக்கும். அதற்குள் எழுதி எழுதி அவள் எழுத்து வெங்காயத் தோலைப் போல மெலிந்து, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற எழுத்துதான். ஆறு மாத மௌனத்துக்குப் பிறகு ஒருநாள், ‘ரேஷன் கார்டு எங்கே?’ என்ற சீட்டில் இருந்த றன்னகரச் சுழியைக் கொர்னேலியஸ் உற்றுப் பார்த்தார். மனைவியின் மனவருத்தம் அவர் கண்ணில் படவில்லை. ஒரு எழுத்துரு பட்டது. இதை அவரே பிற்பாடு பாதர் முதல் பால்காரர் வரை எல்லோரிடமும் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

சீட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தார். கிடைக்காத எழுத்துகளுக்காக வீட்டில் சேதம் செய்தார். ‘ஜ’ வேண்டி ஜன்னல் கொக்கியை ஒளித்துவைத்தார். மறுநாள், ‘ஜன்னல் கொக்கியைக் காணவில்லை’ என்று சீட்டு வந்தது. ‘ஹ’ வேண்டி மூன்று நாள் ஹீட்டரை அணைக்காமல் விட்டார். ‘பூ’ வேண்டி பூட்டைத் தொலைத்தார். ‘ஞை’, ‘ஙூ’ போன்றவற்றுக்கு என்ன சேதம் செய்வது என்று புரியாமல் திண்டாடிய ஒரு காலையில் பிரிட்ஜில் நீளமான சீட்டு ஒன்று இருந்தது. மிச்சமிருந்த அத்தனை எழுத்துகளும், காப்பி நோட்டில் எழுதுவதுபோல வரிசையாக, ஒன்றும் விடாமல். கீழே: ‘கொக்கியைத் திரும்ப மாட்டவும்.’ இது மன்னிப்பா, வீட்டுப்பாடமா என்று அவருக்கு விளங்கவில்லை. கொக்கியை மாட்டினார். எழுத்துருவுக்கு ‘ரோஸ்மேரி ரெகுலர்’ என்று பெயர் வைத்தார். ரெகுலர் மட்டும்தான். போல்டு பொத்தானை அழுத்தினால் அது இன்னும் மெலிந்தது. இடாலிக் அழுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல இடதுபக்கம் சாய்ந்தது.

இணையத்தில் அதை விற்பனைக்கு வைத்து, ‘அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, அழகுப் பொருள் லேபிள் ஆகியவற்றுக்கு மிக உகந்தது’ என்று வேறொருவர் எழுதியிருந்ததைப் பார்த்து எழுதினார். ஏழு பேர் மாதிரியை இறக்கிப் பார்த்தார்கள். அதில் ஐந்து பேர் அவரே. எதற்கு உகந்தது என்பது பட்டுத்தான் தெரிந்தது. வேலாமணியின் பேனருக்கு அடுத்து ஒரு எஸ்டேட்டுக்கு, ‘கரடி நடமாட்டம் உள்ளது, கவனம்’ என்று பெரிய பலகை போனது. அரை அங்குலம். தேயிலைக் காட்டின் ஓரத்தில் அந்தப் பலகைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டியிருந்தது. கரடி வழக்கமாக நிற்கும் இடமும் அதுதான். வாட்ச்மேன் நஞ்சப்பன் பலகையைக் கழற்றி எடுத்துவந்து, “ஏனுங்க, கரடியே ரெண்டு தடவ பக்கத்துல வந்து பாத்துட்டுப் போச்சுங்க. அதுக்கும் கண்ணு தெரியலயாட்ட இருக்குது” என்றார்.

சிறிய அளவில் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. பக்கத்துக் கடை பிரைட்டன், வர்க்கி பிஸ்கட் சுடுகிறவன். அவனுடைய பாக்கெட்டுகளில், ‘இன்று காலை சுட்டது’ என்று சின்னதாக அடித்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாளும் வர்க்கி அன்று காலை சுட்டதாகவே இருந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் விரலில் சூடு பட்டது. ரோஸ்மேரி மார்க் கார்டில் நடக்காததை எழுதியதில்லை, அதனால் எழுதியது நடந்துதான் ஆக வேண்டும் என்று பிரைட்டன் அதற்கு விளக்கம் சொன்னான். அவன் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். ‘கவனம் போதாது’ என்று அவன் கார்டில் எழுதியிருந்தாள். இன்றுவரை போதவில்லை. எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து மூக்கம்மா வந்து கணவரின் நினைவு நாளுக்கு, ‘என்றும் எங்கள் வீட்டில் வாழ்கிறார்’ என்று கார்டு அடித்து வாங்கிப்போனாள். நான்காம் நாள் திரும்பி வந்தாள்.

“ஐயா, இருந்தப்பவே இருமி இருமி மனுசரத் தூங்கவிடல. இப்ப மறுவாட்டி கட்டில்ல குந்தி இருமுறாரு. தேத்தண்ணி வேற கேக்குறாரு. எழுத்த மாத்திக் குடுங்கய்யா.”

மாற்றிக் கொடுத்தார். இருமல் நின்றது. பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்து, பழைய கார்டில் ஒன்று மட்டும் இருந்தால் கொடுங்கள், மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிப்போனாள்.

அன்றைக்குத்தான் கொர்னேலியஸ் கடையில் உட்கார்ந்து யோசித்தார். யோசிப்பதில் அவர் தாமதமானவர். பதினாலு மாதம் ஆகியிருந்தது. ரேச்சலுக்கு ஸ்டெபி பிறந்து நான்கு மாதம். குழந்தையை அவர் ரோஸ்மேரியின் போனில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்திருக்கிறார். வீட்டில் குரல் என்று இருந்தது டி.வி.யினுடையது மட்டும். பிரைட்டன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, சும்மா உக்காந்திருக்கீங்க? வீட்டுல டீச்சர் இன்னும் அந்தச் சீட்டுலதான்…”

“ஆமா.”

“நாலாயிரம் பத்திரிகை அடிச்ச கைண்ணே அது. இன்னொண்ணு அடிச்சா முறிஞ்சா போயிரும்?”

பிரைட்டன் வாழ்நாளில் கவனமாகச் சொன்ன ஒரே விஷயம் அதுவாக இருக்கலாம். கொர்னேலியஸ் மகளின் கல்யாணப் பத்திரிகையை ரோஸ்மேரி ரெகுலரில் அடிக்க உட்கார்ந்தார்.

முதல் புரூஃபில், வருகிற டிசம்பரில் குன்னூரில் வரவேற்பு என்று போட்டார். பெண்ணின் தந்தை என்ற இடத்தில் தன் பெயரைப் பெரிதாகவும், பக்கத்தில் ‘எழுத்துருக் கலைஞர்’ என்றும் போட்டார். அடித்து எடுத்தால் அந்தப் பெயர் ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. அதைப் பிரிட்ஜில் காந்தம் வைத்து மாட்டிவிட்டுக் கடைக்குப் போனார். மாலையில் சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தது. டிசம்பரைச் சுற்றி வட்டம்: ‘தவறு. கல்யாணம் நடந்த தேதி எது?’ பெயருக்குப் பக்கத்தில்: ‘தேவையில்லை.’ இரண்டாம் புரூஃபில் செப்டம்பர் எட்டு என்று திருத்தி, ‘தவிர்க்க முடியாத காரணத்தால் அழைப்பு தாமதம்’ என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரி காகிதத்தில் விழவே இல்லை. மூன்று முறை அடித்தும் அந்த இடம் வெள்ளையாகவே வந்தது. சிவப்பு மை அந்த வெள்ளையில், ‘காரணம்?’ என்று கேட்டிருந்தது. இரண்டு நாள் அந்தக் கேள்வி பிரிட்ஜில் தொங்கியது. அவர் பால் எடுக்கப் போவதையே தவிர்த்தார்.

மூன்றாவது புரூஃபில் காரணம் எதுவும் இல்லை. மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். கடைசியில் ஒரு வரி: ‘மணமகளின் தந்தையும் வருவார்.’ அதற்கு ரோஸ்மேரி ஒரு டிக் போட்டாள். பிறகு பழக்க தோஷத்தில், பத்துக்கு ஐந்து என்று மார்க்கும் போட்டாள். தேர்ச்சி மார்க்தான் என்று அவர் சமாதானப்பட்டுக்கொண்டார்.

நடந்து முடிந்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, நவம்பர் மழையில் இருவரும் பேசாமலே வீடு வீடாகப் போனார்கள். பேச வேண்டியதைக் கார்டு பேசியது. சிலர் தேதியைப் பார்த்தார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். போன வருடத் தேதி ஆயிற்றே என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் கூப்பிடாத கோபத்தில் இருந்தவர்களுக்கு, எந்தத் தேதிக்காவது கூப்பிட்டார்களே என்பதே போதுமாக இருந்தது. ஊட்டியில் ஒரு சித்தப்பா மட்டும், “அன்னிக்கு எனக்குப் பல் டாக்டர்கிட்டப் போற வேலை இருந்துச்சே” என்று யோசித்து, “சரி, போகலைன்னு வெச்சுக்கறேன்” என்றார். ரேச்சலுக்கு ஒரு கார்டு கூரியரில் போனது. அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில், ‘ஓகே பா’ என்று வந்தது. எழுத்து இடதுபக்கம் ஒதுங்கித்தான் இருந்தது. இந்த முறை அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டும் சும்மா இருந்தார்.

நவம்பர் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முடிந்து, மறுநாள் போன வருடத்துச் செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக விடிந்தது. தினக்காலண்டர்களில் தாள் அப்படித்தான் இருந்தது. மழை விட்டு, போன செப்டம்பரில் அடித்த அதே இளவெயில் அடித்தது. மார்க்கெட்டில் கேரட் பழைய விலைக்குப் போனதில் வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு வந்ததில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறையேதும் இல்லை. எஸ்டேட்டுகளில் மட்டும் அந்த நாளை லீவில் சேர்ப்பதா வேண்டாமா என்று யூனியன்காரர்கள் இரண்டு வாரம் பேசினார்கள்.

காலை ஐந்தரைக்கு கொர்னேலியஸ் கண் விழித்தபோது வாசலில் ரோஸ்மேரி பட்டுச்சேலையில் நின்றிருந்தாள்.

“ஏனுங்க, கடைசியாக் கேக்கறேன். வர்றீங்களா, இல்லீங்களா?”

பதினாலு மாதம் கேட்காத குரல். கொஞ்சம் கரகரப்பாக, சாக்பீஸ் தூசி படிந்ததுபோல இருந்தது. அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. கண்ணில் பட்ட எழுத்துரு, மறைத்துவைத்த கொக்கி, குழாய்ப் படத்தை வலதுபக்கம் வைத்தது வரை இருந்தது. ஆனால் நேரம் அதே ஐந்தரைதான், பஸ் ஆறுக்கு.

“வர்றேன் ரோசி. சட்டை தேச்சிருக்கான்னு பாரு.”

“தேய்க்கல. உங்களுக்குத்தான் கடையில வேலையிருக்குமே.”

தேய்க்காத சட்டையோடு கிளம்பினார். கார்டு வாங்கியவர்கள் இரண்டு வேன் பிடித்துக் கூடவே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அவருடைய கடையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது, அன்றைக்கு அது திறந்திருந்த நாள் என்பதால். வாசலில் பிளம்பர் தரணிதரன் நின்றிருந்தான். அவன் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தான்.

“அண்ணே, ஞாயித்துக்கெழமகூட தொறந்திருக்கீங்களே! இருநூறு விசிட்டிங் கார்டு வேணும்ணே. ஒரு குழாய்ப் படம் போட்டு…”

குழாயை இடதுபக்கம் வைத்திருக்க வேண்டும் என்பது கொர்னேலியஸுக்குப் பதினாலு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. கால் ஒரு நொடி நின்றது. அதை ரோஸ்மேரி பார்த்தாள். அவர் போய் ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினார்.

“கடை லீவுப்பா. எம்பொண்ணுக்குக் கல்யாணம்.”

“அடடா, சொல்லவே இல்லியேண்ணே!”

சட்டைப் பையில் மீதமிருந்த கடைசிக் கார்டை எடுத்துக் கொடுத்தார். தரணிதரன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, ஸ்பேனர் பையோடு வேனில் ஏறிக்கொண்டான்.

மண்டபத்தில் பெண் வீட்டார் பக்கம் நாற்காலி போதாமல், மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து இருபது கடன் வாங்க வேண்டியிருந்தது. ரேச்சல் முகூர்த்தச் சேலையில், இடுப்பில் ஸ்டெபியோடு மேடையில் நின்றாள். குழந்தை பிறப்பதற்குப் பத்து மாதம் இருந்த நாள் அது. ஆனாலும் அது வந்திருந்தது, தாலி கட்டும்போது நாதஸ்வரத்துக்குப் பயந்து அழவும் செய்தது. கிருத்திக்கின் அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டார். கொர்னேலியஸ் மேடையேறியதும் ரேச்சல் கார்டைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

“கார்டு வேண்டாம்னு சொன்னேனேப்பா.”

“சொன்னே கண்ணு.”

“நல்லாத்தாம்ப்பா இருக்குது. என்ன, எழுத்துத்தான் கொஞ்சம் சிறுசு.”

“அது உங்கம்மா எழுத்து. பெருசாக்குனா கோவிச்சுக்கும்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள். சாம்பார் மீதமில்லை, தூக்குப்போசி காலியாகவே திரும்பியது.

மறுநாள் நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை. மழை விட்ட இடத்தில் தொடர்ந்தது. கேரட் பழையபடி ஏறியது. பஸ்ஸில் மலையேறும்போதே பேசத் தொடங்கிய ரோஸ்மேரி இன்னும் நிறுத்தவில்லை. பதினாலு மாதத்துப் பாக்கியைத் தேதிவாரியாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். போன வாரம்தான் ஹீட்டரை அணைக்காத கணக்குக்கு வந்தாள். சீட்டுக் காலமே சுகம் என்று கொர்னேலியஸ் பிரைட்டனிடம் சொல்வதுண்டு, அவள் கேட்காத தூரத்தில். ரோஸ்மேரி ரெகுலரை இப்போது அவர் அழைப்பிதழுக்கு மட்டும் பயன்படுத்துகிறார். வருவார் என்று யாருடைய பெயரையாவது போடச் சொன்னால், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், அவர் வந்துவிடுவார் என்று முதலிலேயே எச்சரித்துவிடுகிறார்.

கல்யாண ஆல்பம் வந்துசேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். போன வருடம் செப்டம்பர் எட்டு என்று ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி இருந்தது. நடுப்படத்தில் மணமக்கள், மணமகள் இடுப்பில் நான்கு மாதக் குழந்தை, ஓரத்தில் ஸ்பேனர் பையோடு ஒரு பிளம்பர். ஊட்டிச் சித்தப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரிதான். பொண்ணுக்கு அப்பன், அந்தச் சட்டையத் தேய்ச்சுப் போட்டிருக்கக் கூடாதா?” என்று பக்கத்தைப் புரட்டினார்.